பட்டாள லோரிக்கு இஞ்சின் மாற்றும் முன்

"பழைய பட்டாள லோரி ஒன்னு கைக்கு வருது அண்ணே, எந்த இஞ்சின் போட்டா நல்லா இழுக்கும்?" மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வருகிற தம்பிகளில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். இழுப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், அந்த வண்டிகள் இழுக்கும். மேலே ஏறி ஏற்றிய பாரம் கீழே இறங்கும்போது எது தாங்கும், எது நிறுத்தும் என்று யாரும் கேட்பதில்லை. அப்பா காலத்திலிருந்து இந்த வண்டிகளை வைத்துத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அதனால் தெரிந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் பக்கத்து நிலத்தைப் பார்த்தால்தான் இந்த லோரிகள் ஏன் இன்னும் ஓடுகின்றன என்று புரியும். லிந்தாங், லாசா போகிற வழியெல்லாம் மேடு பள்ளம், செம்மண், ஒரு மழைக்குப் பிறகு சோப்பு மாதிரி வழுக்கும். பழைய பால்மரத்தை வெட்டி மறுநடவு செய்கிற தோட்டங்களில் கட்டையைச் சீக்கிரம் இறக்கியாக வேண்டும், வெட்டிப் போட்ட ரப்பர் கட்டை சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும், மரமில்காரர் விலையைக் குறைத்துவிடுவார். செம்பனைக் குலை அதைவிட அவசரம். அறுத்த பழத்தில் அமிலம் ஏறிக்கொண்டே போகும், 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேரணும் என்பார்கள். மழை நாளில் டிராக்டர் போகாத சரிவில் குலையோ கட்டையோ கிடந்தால் நாலு சக்கரமும் ஆறு சக்கரமும் இழுக்கிற பட்டாள லோரிதான் போக முடியும். சீனர்கள் சான் தாய் வோங் என்று கூப்பிடுகிற காட்டு லோரிகளும் இதே வம்சம்தான்.

இந்த வண்டிகள் இங்கே வந்தது யுத்தத்தோடு. கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் 2-ஆம் உலகப் போருக்காகச் செய்த மூக்குச் சப்பை லோரிகள் மட்டும் சுமார் 4 லட்சம். அமெரிக்கக்காரன் செய்த ஆறு சக்கர ஜிஎம்சி 5 லட்சத்துக்கும் மேல். போர் முடிந்ததும் வேண்டாமென்று விற்றதைத் தவுக்கேமார், அதாவது சீன முதலாளிகள், வாங்கி மரம் இழுக்க விட்டார்கள். அப்புறம் 1948-இல் எங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் அறிவித்தார்களே, 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தோடு பெட்ஃபோர்ட் லோரிகளும் ஓடின. 1953-இலிருந்து வந்த பெட்ஃபோர்ட் ஆர்எல் இன்றைக்கும் எனக்குப் பிடித்த வண்டி. 4.9 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம், 11.00-20 டயர், உயரமான வயிறு, அடியில் படுத்து வேலை செய்யக் கை நுழைகிற இடைவெளி. வேலை செய்யப்போகிறவனை நினைத்துச் செய்த வண்டி அது.

வாங்கும்போது இஞ்சின் ஓடுகிறதா என்று பார்த்து விலை பேசுகிறார்கள். எனக்கு இஞ்சின் ஓடாத வண்டி போதும், சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், நேராக இருக்கணும். இரண்டு பக்கமும் குறுக்காக நூல் பிடித்து அளந்து பாருங்கள், இரண்டு நீளமும் ஒன்றாக வரணும். ஸ்ப்ரிங் கட்டு மாட்டியிருக்கிற கொக்கி, கயிறு சுற்றி இழுக்கிற வின்ச் பூட்டிய முன் முனை, கேபினுக்குப் பின்னால் இருக்கிற இடம், இந்த மூன்றிலும் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு விரிசல் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து மேலே வெள்ளைப் பவுடர் அடிக்கிற விரிசல் பார்க்கும் மருந்து வாங்கிக்கொள்ளலாம், விலை ஒன்றும் பெரிதில்லை, மயிர்க்கோடு கூடச் சிவப்பாகத் தெரிந்துவிடும். இன்னொன்று, ஜிஎம்சியில் ஆக்சில் இரண்டு வகை வந்தது. நடுவில் பிளந்து போல்ட் போட்ட வகை ஒன்று, உருண்டை வயிற்று பேஞ்ஜோ வகை ஒன்று. ஒன்றின் சாமான் மற்றொன்றுக்குச் சேராது. உதிரிக்கென்று இரண்டாவது வண்டி வாங்குகிறவர்கள் குனிந்து ஆக்சிலைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

சரி, இஞ்சினுக்கு வருவோம். செவர்லேயில் இருந்தது 3.5 லிட்டர், 85 குதிரைத்திறன். ஜிஎம்சியில் 4.4 லிட்டர். எல்லாம் பெட்ரோல், இன்றைய விலைக்குக் கட்டுப்படியாகாது, அதனால் டீசல் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற போத்தோங் கடைக்குப் போனால் 5.8 லிட்டர் இசுசு 6பிடி1 மாதிரி ஜப்பான் இஞ்சின்கள் கிடைக்கும். இஞ்சினையும் பழைய கீர்பாக்ஸையும் சேர்க்க நடுவில் கனத்த இரும்புத் தட்டு ஒன்று கடைந்து போடுவோம். தட்டின் மையமும் கிராங்க் மையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தே ஆகணும். கண்ணளவில் பூட்டிய வண்டிகள் எங்களிடம் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன, கிளச் தட்டின் நடு கிழிந்திருக்கும், இன்புட் பேரிங் கத்திக்கொண்டிருக்கும், முதலாளி கிளச் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் டீசல் போடுகிறவர்கள் அதிகம் மறக்கிற விஷயம் கீர்பாக்ஸ் பக்கத்தில் இல்லை, பிரேக்கில் இருக்கிறது. பெட்ரோல் இஞ்சின் காற்றை இழுக்கும்போது த்ராட்டில் தட்டுக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடத்தைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்த்தான் பிரேக் பூஸ்டர் காலுக்கு உதவி செய்கிறது. ஜிஎம்சியில் ஹைட்ரோவேக் என்று சேசிஸில் தொங்குமே, அதுதான். டீசலில் அந்தத் தட்டு கிடையாது, காற்று தடையில்லாமல் உள்ளே போகும், வெற்றிடமும் வராது. பழைய குழாயைப் புது இஞ்சினின் இன்டேக்கில் சொருகி வைத்தால் பார்ப்பதற்கு எல்லாம் பூட்டியது போலத் தெரியும், பூஸ்டர் செத்துக் கிடக்கும். பட்டறை முற்றத்தில் காலி வண்டியை நிறுத்திப் பார்த்தால் நிற்கும். லாசா பக்கம் ஒரு ரப்பர் கட்டை லோரி இப்படித்தான் புது இஞ்சினோடு மலை ஏறிப் பாரத்தோடு இறங்கியது. பெடல் கல் மாதிரி ஆகி, டிரைவர் வண்டியை மண் கரையில் தேய்த்தே நிறுத்தினார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மனிதரின் கைப்பழக்கம்தான் காப்பாற்றியது.

அதனால் டீசல் வாங்கும்போதே வெற்றிடப் பம்ப்போடு வாங்குங்கள். நிறைய ஜப்பான் இஞ்சின்களில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே அந்தப் பம்ப் இருக்கும், அதற்கு எண்ணெய் போகிற குழாயும் திரும்புகிற குழாயும் உண்டு, இரண்டையும் கழற்றாமல் கேட்டு வாங்கணும். ஒரு வெற்றிடத் தொட்டியும் ஒருவழி வால்வும் கட்டாயம் போடுங்கள், இஞ்சின் பாதி மலையில் நின்றுபோனாலும் காலுக்கு இரண்டு மூன்று மிதி உதவி மிச்சம் இருக்கும். சோதனை சுலபம். இஞ்சினை நிறுத்தி, மிச்ச வெற்றிடம் தீரும்வரை பெடலை மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கணும். இறங்காத வண்டியில் பாரம் ஏற்றக் கூடாது, தவுக்கே எவ்வளவு அவசரம் சொன்னாலும் சரி.

பிரேக்கைப் பிரிக்கும்போது இன்னும் இரண்டு எச்சரிக்கை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ட்ரம்மைக் கழற்றியதும் கம்ப்ரெசர் காற்றடித்துத் தூசி பறக்கவிடுகிற பழக்கம் எங்கள் தலைமுறை மெக்கானிக்குகளிடம் உண்டு, அதை இன்றோடு விடுங்கள். நுரையீரலுக்குள் போன அந்தத் தூசி வெளியே வராது, வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்து கொல்லும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியில் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடணும், முகமூடியும் வேணும். இரண்டாவது, மாஸ்டர் பம்ப்பில் பிரேக் எண்ணெய் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். தோட்டத்தில் பிரேக் எண்ணெய் தீர்ந்துவிட்டால் கையில் கிடைக்கிற ஹைட்ராலிக் எண்ணெயை ஊற்றிவிடுவார்கள். ரப்பர் கப்புகள் ஊதிப் பெருத்துச் சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும், பிரேக் பிடித்தால் விடாது, அல்லது பிடிக்கவே பிடிக்காது. ஒருமுறை ஊற்றிவிட்டால் குழாய் முழுக்கக் கழுவி ஒவ்வொரு கப்பையும் மாற்றினால்தான் ஆகும்.

நீண்ட இறக்கம் உள்ள தோட்டங்களில் வண்டி மேலே ஒரு பீப்பாய் தண்ணீர் வைத்துச் சிறு குழாயில் பிரேக் ட்ரம்மின் மேல் சொட்டவிடுவது இங்கே பழைய முறை. நல்ல முறைதான், ஆனால் இறக்கம் தொடங்கும் இடத்திலேயே, ட்ரம் சூடேறும் முன்னே சொட்டு விழ ஆரம்பிக்கணும். பாதி வழியில் புகை வந்த பிறகு குழாயைத் திறந்தால் சூட்டு வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

இனி, கூடின பலம் எங்கே போகும் என்று பாருங்கள். உதாரணத்துக்கு முதல் கீர் 6, முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பிரித்து அனுப்புகிற ட்ரான்ஸ்ஃபர் பெட்டியின் தாழ் கீர் 2, டிஃபரன்ஷியல் 6 என்று வைத்தால் பெருக்கி 72. பழைய இஞ்சினைவிட 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு அதிகம் தருகிற டீசலைப் போட்டால் ஆக்சிலுக்குப் போகும்போது அது 7,200 ஆகிவிடுகிறது. ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றுகிற செவர்லே ஹாஃப் ஷாஃப்ட் 85 குதிரைக்குச் செய்தது. சேற்றில் ஒரு சக்கரம் சுழன்றுகொண்டே இருந்து திடீரென்று கல்லைப் பிடிக்கும் பாருங்கள், அந்த நொடியில்தான் முறியும். எங்களிடம் வருகிற முறிந்த ஷாஃப்டுகள் ஏறக்குறைய எல்லாம் இந்தக் கதைதான். வழி என்ன? இஞ்சின் பம்ப் அனுப்புகிற டீசல் அளவைக் கூட்டாமல் விடுவது ஒன்று. சக்கரம் சுழல ஆரம்பித்ததும் மிதியை விட்டுவிட்டு வின்ச்சுக்குப் போவது இன்னொன்று. ஆக்சிலையே கனமானதாக மாற்றுவது மூன்றாவது, அதைச் செய்தால் பிரேக்கும் சேர்ந்து மாறும், செலவு கூடும், ஆனால் நாள் முழுக்க முழுப் பாரம் இழுக்கிற வண்டிக்கு நான் அதையே சொல்வேன்.

முன் சக்கர இழுவையை மண் பாதையில் மட்டும் போடுங்கள். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் வளைந்தால் முன் சக்கரம் அதிக தூரம் ஓடணும், ஓட முடியாமல் ஷாஃப்டுகள் முறுக்கேறி நிற்கும், அப்புறம் லீவர் கழன்று வராது. சுத்தியலால் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு விடும், லீவர் தானே வரும்.

சேசிஸ் வேலைக்குத்தான் நான் அதிகம் சண்டை போடுவது. கட்டை ஏற்ற நீளம் போதவில்லை என்று சேசிஸை வெட்டி நீட்டச் சொல்வார்கள், அல்லது விரிசல் விட்ட இடத்தில் பட்டையாக ஒரு இரும்பை வைத்துச் சுற்றி வெல்டிங் அடித்துத் தரச் சொல்வார்கள். சேசிஸ் வளைந்து கொடுத்தே பாரத்தைத் தாங்குகிறது. அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான் அமுக்கமும் இழுவையும் அதிகம், நடுப்பலகையில் குறைவு. அதனால் விளிம்பில் துளை போடக் கூடாது, விளிம்புக்குக் குறுக்கே வெல்டிங் கோடு போகக் கூடாது. விரிசல் முனையில் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, விரிசலை அரைத்தெடுத்து உலர்ந்த 7018 வெல்டிங் ராடால் நிரப்பி, மட்டமாகத் தேய்த்து, பிறகு நடுப்பலகையில் ஒட்டுத்தகடு வைத்து 8.8 தர போல்ட்டால் இறுக்கணும். துளையை ரீமர் போட்டு போல்ட் தட்டி நுழையும்படி செய்யுங்கள், ஆடுகிற போல்ட் துளையைத் தின்றுவிடும். தகட்டின் முனைகளைச் சதுரமாக விடாமல் சாய்வாக வெட்டுங்கள். சதுரமாக விட்டால் தகடு முடிகிற கோட்டிலேயே அடுத்த விரிசல் பிறக்கும். வெல்டிங் போடும் முன் பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

பாரப்பெட்டியைச் சேசிஸ் மேல் நேராக இரும்போடு இரும்பு வைக்காமல் நடுவில் செங்கால் என்கிற கடின மரச் சட்டம் வைப்போம், அதன் முன் முனையையும் சீவிச் சாய்வாக்கிவிடணும். பெட்டியைச் சேசிஸோடு பிடிக்கிற முன் பக்கக் கட்டு ஸ்ப்ரிங் போட்டதாக இருந்தால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேசிஸ் தன் போக்கில் முறுக்கிக்கொள்ளும், பெட்டி அதைப் பிடித்து இழுக்காது. ஸ்ப்ரிங் கட்டில் கூடுதல் பட்டை சேர்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லணும்: பட்டை சேர்த்தால் வண்டி தாழாது, அவ்வளவுதான். ஆக்சிலுக்கும் பேரிங்குக்கும் பிரேக்குக்கும் பலம் கூடிவிடாது.

அடுத்தது உயிர் போகிற விஷயம், சக்கரம். பிரிட்டிஷ், கனடா வண்டிகள் பலவற்றில் ரிம் இரண்டு பாதியாக இருக்கும், பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கிற நட்டு ஒரு வட்டம், சக்கரத்தை ஹப்போடு பிடிக்கிற நட்டு இன்னொரு வட்டம். பட்டாளத்தில் பாதிகளைப் பிடிக்கிற, தொடக் கூடாத நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எந்தப் பெயின்ட் மிச்சமிருக்கும்? காற்று உள்ளே இருக்கும்போது தவறான நட்டைக் கழற்றினால் ரிம் பாதி பீரங்கிக் குண்டாகப் பறக்கும். ஸ்பானரைத் தொடும் முன்னே வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க வெளியே விடுங்கள், துளையில் கம்பி விட்டுச் சேறு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளையம் போட்ட ரிம்முக்குக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டு வேணும், கூண்டு இல்லாவிட்டால் குறைந்தது கனச் சங்கிலியைச் சுற்றிக் கட்டி, நீளக் குழாய் வைத்துத் தள்ளி நின்று அடியுங்கள். எங்கள் பட்டறையில் இந்த வேலையை வேலை பழகுகிற பையன்களிடம் கொடுப்பதே இல்லை. அந்த நட்டுகளுக்கு மறுபடியும் நாங்களே சிவப்பு அடித்துவிடுகிறோம்.

வின்ச்சில் ஒரு சின்ன ஊசி இருக்கும், ஷாஃப்டின் குறுக்கே. அளவுக்கு மேல் இழுத்தால் அது ஒடிந்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். ஜிஎம்சியின் முன் வின்ச் 10,000 பவுண்டுக்குச் செய்தது, அதாவது நாலரை டன். ஊசி அடிக்கடி ஒடிகிறதென்று கடின போல்ட் போட்டால் அடுத்து ஒடிவது கம்பிக்கயிறாக இருக்கும், அது யார் காலில் அடிக்கும் என்று சொல்ல முடியாது. இழுவை போதவில்லையா, கப்பி ஒன்று மாட்டிக் கயிற்றை மடித்துக் கொண்டுவாருங்கள், இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். கயிற்றின் மேல் ஈரச் சாக்கு போடுங்கள், ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கரண்ட் வேலை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஜிஎம்சியும் கனடா செவர்லேயும் 6 வோல்ட், டீசல் ஸ்டார்டர் பெரும்பாலும் 24, அதனால் பழைய வயரை ஒட்டுப்போடாமல் முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக ஓட்டுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் பக்கம் பாடியில் பூட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டர் மாட்டினால் உடனே எரியும்.

ஓட்டுகிறவருக்கும் சொல்லிக்கொடுக்கணும், வண்டியை மட்டும் சரிசெய்து அனுப்பினால் போதாது. ஸ்டியரிங்கில் பவர் கிடையாது, கல்லில் முன் சக்கரம் மோதினால் ஸ்டியரிங் சுழன்று உதைக்கும், கட்டைவிரலை உள்ளே கொடுத்துப் பிடித்தால் விரல் போகும், வெளியே வைத்துப் பிடிக்கணும். இறக்கத்துக்கு எந்தக் கீர் என்பதை மேட்டின் உச்சியில் நின்று முடிவு செய்யுங்கள். பழைய கீர்பாக்ஸில் சிங்க்ரோ, அதாவது கீர் சுலபமாக விழ உதவுகிற அமைப்பு, இல்லாத கீர்கள் உண்டு, சரிவின் நடுவில் கீர் எடுத்தால் மறுபடி விழாது, வண்டி நியூட்ரலில் ஓடும். அதிலிருந்து மீண்டவர்கள் குறைவு.

தோட்டத்துக்குள் ஓடுகிற வண்டியைப் பொது ரோட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். பதிவு இல்லாத வண்டிக்கு 1987 போக்குவரத்துச் சட்டத்தில் ரோட்டில் இடமில்லை, பதிவு உள்ள வண்டியில் இஞ்சினோ சேசிஸோ மாற்றியிருந்தால் ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாகனப் பரிசோதனை மையச் சோதனையும் வேணும். விபத்து ஏதும் நடந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது, அடிபட்டவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகணும் என்றால் லோலோடரில், அதாவது வண்டி ஏற்றுகிற தாழ்வான டிரெய்லரில், ஏற்றிக்கொண்டு போங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுத்துப்போன பிறகு முதல் வாரம் பாதிப் பாரம்தான் ஏற்றணும். முதல் சில நடைக்குப் பிறகு ஸ்ப்ரிங்கை ஆக்சிலோடு பிடிக்கிற யூ-போல்ட் எல்லாம் கட்டாயம் தளரும், புது மரச் சட்டமும் அமுங்கும், திரும்ப இறுக்குங்கள். ஒட்டுத்தகட்டு போல்ட், சக்கர நட்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட், வெற்றிடக் குழாயின் கிளிப், இத்தனையும் கை வைத்துப் பார்த்து, பிரேக் ட்ரம் எல்லாவற்றையும் தொட்டுச் சூடு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அது பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. அதைச் சரிசெய்த பிறகு முழுப் பாரம் ஏற்றுங்கள்.